கணப்புத் தீர்மானம்

முதல் அநியாயம், என் பெயரை மறைத்தது.

உட்காருங்கள் தம்பி. போலீஸ் ஏட்டு உள்ளே இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். முடித்ததும் நம் இரண்டு பேரையும் கூப்பிடுவார். கட்டிலில் இருப்பவர் சொன்னதைப் படித்துக் காட்டுவார், கேட்டோம் என்று நாம் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி வேலை அவ்வளவுதான். உங்கள் வீட்டம்மா பிரசவ வார்டில் என்றார்கள். நல்லபடியாக ஆகும். ஆனால் யாருடைய வாக்குமூலம், எதற்காக என்று தெரியாமல் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது. அதனால் சொல்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும்.

என் பெயர் துரைக்கண்ணு. இனிஷியலோடு சொன்னால் ம. துரைக்கண்ணு. மேல்சோலை எஸ்டேட் தொழிலாளர் சங்கம். இந்த மலையில் அந்தப் பெயரைக் கேட்டால் மேனேஜர்கள் காப்பியைக் கீழே வைப்பார்கள்.

முதல் அநியாயம், சொன்னேனே, பெயர். கிழடாகிப்போன தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கி, அந்தக் கட்டைகளை எஸ்டேட்டார் லாரியில் ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். நட்டது நாம், நனைந்தது நாம், கட்டை மட்டும் அவர்களுக்கா என்று முதல் துண்டறிக்கை எழுதியவன் நான். வேலைநிறுத்தம் செய்தோம். ஜெயித்தோம். கட்டை தொழிலாளிக்கு என்று ஆனது. வெற்றிக் கூட்டத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தலைவர் வந்தார். போராட்டத்தைத் தொடங்கியவர் என்று மேடையில் ஒரு பெயரை வாசித்தார். அது அவருடைய மச்சான் பெயர். நான் கீழே கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கம்பத்தை விட்டுவிட்டுத் தட்டினேன்.

இரண்டாவது அநியாயம், காற்று. தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கிற எங்கள் பட்டறையில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே சுற்றிலும் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தார்கள். மார்கழி தை மாதத்தில் அந்த வழியாக வருகிற காற்று எலும்பில் போய் உட்காரும். புகை போவதற்காக விட்டது என்றார்கள். யாருடைய புகை? தொழிலாளியின் நெஞ்சுச் சளியைவிட உங்கள் புகை பெரிதா என்று கேட்டேன். மனுக் கொடுத்தோம், தர்ணா இருந்தோம். கடைசியில் தகரம் அடித்து மூடினார்கள். ஒரு விரல் நுழையாது. அவ்வளவு சுத்தமாக அடிக்க வைத்தேன்.

மூன்றாவது, கதவு. ஷட்டரை எப்போதும் பாதி தூக்கியே வைக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு. எதற்கு? மேஸ்திரி போகும்போதும் வரும்போதும் குனிந்து, நாங்கள் வேலை செய்கிறோமா என்று பார்ப்பதற்கு. மிருகக்காட்சி சாலையா அது? அதையும் உடைத்தோம். உறைபனி நாட்களில் ஷட்டரை முழுதாக இறக்கிக்கொள்ளும் உரிமை எழுத்தில் வாங்கினோம்.

நான்காவதுதான் எரிபொருள். அதற்குத்தான் வருகிறேன். உங்களுக்குக் குளிரவில்லையா? துண்டைக் காதோடு சுற்றிக்கொள்கிறேன், குளிருக்குத்தான். வேறு எதுவும் இல்லை.

உங்கள் ஊர் கீழே சமவெளி என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். உறைபனி விழுந்த காலையில் இரும்பைத் தொட்டால் அது உங்கள் தோலைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். கொழுந்து குறைகிற காலம் அது என்பதால் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டுகிற ரோலர்களை எல்லாம் அப்போதுதான் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். கை மரத்துப்போன ஒரு ஆள் ஸ்பேனரை நழுவவிட்டு விரலை நசுக்கிக்கொண்டான். கணப்பு கொடு என்று கேட்டோம். எந்த ரோலரில் வேலையோ அங்கே தள்ளிக்கொண்டு போகிற மாதிரி, சக்கரம் வைத்த கணப்பு.

முதலில் மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண் எரிந்தது. மண்ணெண்ணெய் ஸ்டோரில் பூட்டிக்கிடக்கும், சாவி ஸ்டோர்கீப்பர் இடுப்பில். அவன் வருவதற்குள் வெயில் வந்துவிடும். கேட்டால், குளிருதுன்னா நல்லா ஓடியாடி வேலை செய்யுங்களேன் என்பான். அந்த ஹீட்டரை நாங்களே தள்ளிக்கொண்டு போய் மேனேஜர் ஆபீஸ் வாசலில் நிறுத்தினோம். நல்ல கூட்டம் அன்றைக்கு.

அப்புறம்தான் மேனேஜர் கேஸ் ஹீட்டர் தருகிறேன் என்றார். புதுசு, சக்கரம் உண்டு, பின்பக்கம் சிலிண்டர் உட்காரும். அவரே பட்டறைக்கு வந்து காட்டினார்.

"இதுல ஒரு வசதி இருக்கு துரைக்கண்ணு. ரூமுக்குள்ள காத்து கெட்டுப்போச்சுன்னா அதுவா அணைஞ்சிரும்."

நான் கேட்டேன், "அதுவா அணையுமா, நீங்க அணைப்பீங்களா சார்?"

பட்டறையே சிரித்தது. நியாயமான கேள்வி தம்பி. எங்களுக்கு எப்போது சூடு போதும் என்று ஒரு இயந்திரம் முடிவு செய்யுமாம். முதலாளி வாங்கிய இயந்திரம் யாருக்காக முடிவு செய்யும்? அதோடு, வெல்டிங் பொறி பறக்கிற இடத்தில் சிலிண்டர். அன்றைக்கு மதியமே ஒரு துண்டறிக்கை எழுதினேன். 'தொழிலாளியின் தலைமாட்டில் வெடிகுண்டு' என்று தலைப்பு. இப்போதும் நாங்கள் குடியிருக்கிற லயத்துச் சுவரில் ஒன்று ஒட்டியிருக்கிறது, போனால் பார்க்கலாம்.

சங்கம் கூடியது. எங்கள் சங்கத்தின் வழக்கம் இரண்டை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் நான் கொண்டுவந்தவை. ஒன்று, தீர்மானம் நிறைவேறியதும் எல்லோரும் எழுந்து நின்று அதை வாய்விட்டு மூன்று முறை சொல்ல வேண்டும், முன்மொழிந்தவர் பெயரோடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்த காலத்தில் வைத்தது. மனப்பாடமாகிவிட்டால் எவனாலும் மாற்ற முடியாது. எந்த மச்சான் பெயரையும் நடுவில் நுழைக்க முடியாது. இரண்டாவது, எதிர்த்துப் பேசியவர் தோற்றுப்போனால், தீர்மானத்தை முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான், முதலில் நிறைவேற்றுகிறவரும் அவர்தான். பேசினவன் ஒதுங்கிப் போய்விடக் கூடாது. ஒற்றுமைக்கு அது நல்ல மருந்து.

நான் எழுந்து சொன்னேன். நமக்கு எதற்கு அவர்கள் சாவி, அவர்கள் சிலிண்டர்? நாம் வென்ற கட்டை இருக்கிறது. தேயிலைக் கட்டைக் கரி மாதிரி ஒரு கரி உலகத்தில் இல்லை. போட்டால் பாதி நாள் நிற்கும். சுடர் இல்லை, புகை இல்லை, நாற்றம் இல்லை, சத்தம் இல்லை. கண் எரியாது, எதுவும் வெடிக்காது. நம் கணப்பு, நம் கரி.

வெல்டர் பெள்ளி இருக்கிறானே, அவன் வாய் சும்மா இருக்காது. "இன்னொரு எரிபொருளும் இருக்கு தோழரே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பாட்டில்ல விக்கிறான். அதுக்கும் புகை இல்ல" என்றான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவனே பிறகு ஒரு டிரம்மைக் குறுக்கே அறுத்து, தள்ளுவண்டிச் சக்கரம் வைத்துக் கணப்பும் செய்து கொடுத்தான். நல்ல வேலைக்காரன்.

அப்போதுதான் சவரிமுத்து எழுந்தான். உள்ளே படுத்திருப்பவன் அவன்தான். ஃபிட்டர். நல்ல ஆள், கொஞ்சம் பயந்த சுபாவம்.

"தோழரே, கரி வேணாம்னு தோணுது. வீட்ல கணப்பு வச்சா ரெஜினா ஜன்னலத் தொறந்து வைக்கும். பட்டறையில ஜன்னலே இல்ல. மேலயும் தகரம் அடிச்சாச்சு. சாத்தி வச்சுக்கிட்டு கரி போட்டா எனக்குத் தலை இடிக்குது."

நான் கேட்டேன், "கேஸ் வாசனை புடிச்சதும் கரி தலை இடிக்க ஆரம்பிச்சிருச்சா சவரி?"

"அது இல்ல தோழரே."

"மேனேஜர் ஹீட்டரைக் காட்டுறப்போ நீதான பக்கத்துல நின்னு சக்கரத்தத் தொட்டுப் பார்த்த?"

"சக்கரம் எப்படி இருக்குன்னு பார்த்தேன் தோழரே."

"கருங்காலியும் முதல்ல சக்கரத்தத்தான் பார்ப்பான்."

அப்படிப் பேசித்தான் ஆக வேண்டும் தம்பி. கூட்டம் என்றால் சூடு வேண்டும். அவன் காது சிவந்துபோய் உட்கார்ந்தான். தூக்கிய கைகளை எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. வழக்கப்படி அவனை முன்னால் கூப்பிட்டோம். அவன் சொல்லிக்கொடுக்க, நாங்கள் எல்லோரும் மூன்று முறை சொன்னோம். நன்றாகவே சொன்னான். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற ஆள் அவன், குரல் உண்டு. மூன்றாவது முறை என் பெயர் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு சவரி கணப்பை எவனிடமும் விடவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வருவான், கரி அள்ளிப் போடுவான், ஷட்டரை இறக்கிக்கொண்டு ரோலர் பக்கத்தில் உட்காருவான். ஒருநாள் பெள்ளி ஷட்டரைக் கொஞ்சம் தூக்கப்போனபோது, "இறக்குப்பா. அப்புறம் என்னைய கருங்காலிம்பாரு" என்றானாம். பார்த்தீர்களா, எப்படிப் பண்பட்டுவிட்டான். என் பேச்சு ஆளை மாற்றும். அதை எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம். புல்லெல்லாம் உப்பைக் கொட்டினது போல வெள்ளையாக இருந்தது. நான் பட்டறைக்குப் போய் ஷட்டரைத் தூக்கிக் குனிந்து பார்க்கிறேன். உள்ளே கதகதவென்று இருக்கிறது. சவரி ரோலரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். முகம் நல்ல சிவப்பு. இந்தக் குளிரில் ஒரு தொழிலாளியின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை. கணப்பில் கரி பழமாக ஜொலிக்கிறது, புகை ஒரு இழை இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். தொலைவில் மேஸ்திரியின் இருமல் கேட்டது. வேலை நேரத்தில் தூங்கினான் என்று அவன் மேலே எழுதிக் கொடுத்துவிடக் கூடாதே. ஷட்டரை மறுபடி முழுதாக இறக்கிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு தோழன் இன்னொரு தோழனுக்குச் செய்கிறதுதான் அது.

இதை நான் ஏட்டிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. உங்களிடம் சொல்வது, நீங்கள் வெளி ஆள் என்பதால்.

ஒன்று மட்டும். ஷட்டரை இறக்கும்போது அவன் கண் பாதி திறந்திருந்தது. என் பக்கமாகத் திறந்திருந்தது. பார்த்தானா, வெறுமனே திறந்திருந்ததா, தெரியவில்லை. அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பெள்ளி டீ தூக்கோடு வந்தபோது எழுப்பிப் பார்த்திருக்கிறான். எழவில்லை. காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டுக் கத்தினான். எஸ்டேட் ஜீப்பில்தான் கொண்டுவந்தோம். வண்டி கேட்டபோது மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜீப் சாவியை எடுத்து நீட்டினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

டாக்டர் சின்னப் பெண். கரியிலிருந்து ஒரு வாயு வருமாம், நிறம் இல்லை, மணம் இல்லை, ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். "ஜன்னல் ஏதாவது தொறந்திருந்ததா? மேல இடைவெளி? கதவாவது பாதி தொறந்திருந்ததா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதிரில் நின்ற ரெஜினா, சவரியின் மனைவி, ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எத்தனையோ எதிரிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன் தம்பி. மணம் இல்லாத எதிரியைப் பற்றி எந்தத் துண்டறிக்கையிலும் இருந்ததில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கணப்பு வைக்க விடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறேன். "குளிர்ல சாகடிக்கப் போறியா" என்று வீட்டில் சத்தம். படுத்தால் மூக்கு தானாக மோந்து பார்க்கிறது. மணம் இருந்தால் பயமில்லை, இல்லாவிட்டால்தான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இதோ, இந்த வராந்தாவில் டெட்டால் நாற்றம் அடிக்கிறது பாருங்கள், அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

பயமா? எதற்குப் பயம்? லத்தி பார்த்தவன் நான்.

ஆனால் ஏட்டு உள்ளே என்ன எழுதுகிறார் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் சாட்சிக்கு நானே வருகிறேன் என்று சொன்னேன். எவனோ கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்வதைவிட, நானே முதலில் கேட்டுவிட்டால் பதில் தயார் செய்துகொள்ளலாம். மேனேஜர் தன் கிளார்க்கை அனுப்பியிருக்கிறார், அதோ ஸ்வெட்டர் போட்டு நிற்கிறானே, அவன்தான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். அது கிடைத்துவிட்டால் இத்தனை வருடத்துச் சங்கமும் போயிற்று. தகரத்தைப் பிடுங்குவார்கள், ஷட்டரைத் தூக்குவார்கள், கட்டையைத் திரும்பக் கேட்பார்கள். நான் என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. சங்கத்தைப் பற்றித்தான்.

நேற்று சாயங்காலம் சவரியைப் பார்த்தேன். ரெஜினா கஞ்சி வாங்கப் போயிருந்த நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சவரி, ஷட்டரத் தூக்க மறந்துட்டேன்னு சொல்லிரு. அவ்வளவு போதும், மத்தத சங்கம் பாத்துக்கும்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே பாதிக்கண்.

"யாருங்க நீங்க?" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. பொய் சொல்ல மாட்டேன் தம்பி, அந்த வார்த்தையைக் கேட்டதும் உயிர் வந்தது. வெளியே வந்து ரெஜினாவிடம் கேட்டேன்.

"எம் பேரு வரல அண்ணே. புள்ள பேரு வரல. என்ன மாசம்னு தெரியல. ஆனா ஜெபம் மட்டும் ஒரு வார்த்த தப்பாம வருது. மனப்பாடமாச் சொன்னதெல்லாம் இருக்குமாம், மத்தது ஒவ்வொண்ணா வந்தா வருமாம், டாக்டரம்மா சொன்னாங்க."

அப்புறம் அவள் கேட்டாள், "அண்ணே, தலை இடிக்குதுன்னு இவரு கூட்டத்துல சொன்னாரா இல்லையா?"

"சொன்னான்மா. ஜனநாயக முறையில விவாதிச்சோம்" என்றேன். அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெபம் சொல்லட்டும். நன்றாகச் சொல்லட்டும். சாமி பெயரில் யார் மேலேயும் வழக்குப் போட முடியாது. அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் பேசியதில் தெளிவாகிவிட்டது. நினைவு இல்லாதவன் எந்தப் பெயரைச் சொல்வான்? ஷட்டருக்கடியில் குனிந்த முகத்துக்கு என்ன பெயர் வைப்பான்? நீங்கள் கேட்டுக்கொண்டு நில்லுங்கள், கையெழுத்துப் போடுங்கள், வீட்டம்மாவைப் பார்க்கப் போங்கள்.

இதோ கூப்பிடுகிறார். வாருங்கள். செருப்பை இங்கேயே விட்டுவிடலாம். எனக்கு முன்னால் நீங்கள் போங்கள்.

ரெஜினா தலைமாட்டில்தான் நிற்கிறாள். அந்தக் கிளார்க்கும் பின்னாலேயே வந்துவிட்டான். பெள்ளியும் வந்திருக்கிறான். எதற்கு இத்தனை பேர்? யாராவது அந்த ஜன்னலைத் திறங்களேன். காற்று போதவில்லை. இல்லை ஏட்டையா, ஒன்றுமில்லை, படியுங்கள். எனக்குக் கொஞ்சம் குளிர், அவ்வளவுதான். கேளுங்கள் தம்பி, படிக்கிறார்.

"சாட்சிகள் கவனிக்கவும். மேற்படி நபரிடம் பெயர் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. மனைவியைக் காட்டிக் கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். சம்பவத்தன்று பட்டறைக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றார்."

கேட்டீர்களா. தெரியவில்லை என்கிறான். சொன்னேன் அல்லவா.

"கணப்பில் கரி போட்டது ஏன் என்று கேட்டதற்கு, எழுந்து நிற்க முயன்றார். தாதி தடுத்ததால் உட்கார்ந்தபடியே, கீழ்க்கண்டவாறு மூன்று முறை, ஒரு சொல் மாறாமல் சொன்னார்."

சவரியைப் பாருங்கள். உதடு அசைகிறது. ஏட்டு படிக்கப் படிக்க இவனும் கூடவே சொல்கிறான். ஏட்டையா, நிறுத்துங்கள், அவனுக்கு அலுப்பு, மீதியை அப்புறம்...

"'மேல்சோலைப் பட்டறைக் கணப்பில் நாம் வென்ற தேயிலைக் கட்டைக் கரி தவிர வேறெதையும் எரிப்பதில்லை என்று இந்தச் சங்கம் தீர்மானிக்கிறது. முன்மொழிந்தவர், தோழர் ம. துரைக்கண்ணு.'"